ஒழுகிய கூரையும் உறைந்த மழையும்

1986-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி, அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரத்தில், சுவரும் கூரையும் குறைவின்றி அமைந்த ஒரு மண்டபத்துக்குள் நடந்துகொண்டிருந்த கூடைப்பந்துப் போட்டி மழையினால் நின்றுபோயிற்று. கூரை ஒழுகி, மரத்தளம் நனைந்து, ஆட்டக்காரர்கள் வழுக்கத் தொடங்கவே, வேறு வழியின்றி ஆட்டத்தை நிறுத்தி, எஞ்சிய பகுதியை மறுநாள் நடத்தினார்கள். அந்த மண்டபத்தின் கூரைமீது இன்றும் மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது அதை வடித்துத் தொட்டியில் சேர்த்து, உறையவைத்து, அதன்மீதே ஆடுகிறார்கள்.

1962-இல் அந்நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காகப் பால் திரி என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த மண்டபம் அது. விளிம்பிலே தாங்கப்பெற்று, நடுவில் ஒரு தூணும் குறுக்கிடாமல், கூம்பிய பெரிய தொப்பியைப் போல் கவிந்து நிற்கும் அதன் கூரையின் எடை ஏறக்குறைய 20,000 டன். பொருட்காட்சி முடிந்தபின் விளையாட்டுக்கும் கச்சேரிக்கும் பயன்பட்டு, 1995-இல் ஒருமுறை புதுப்பிக்கப்பெற்றும், காலத்தின் தேவைக்குப் போதாமல் சுருங்கிப்போன அந்த மண்டபத்தை இடித்துத் தள்ளிவிட்டு வேறொன்று எழுப்புவதுதான் அந்நாட்டுச் சம்பிரதாயம். ஆனால் 2017-இல் நகரத்தார் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னம் என்று அறிவித்துவிட்டபடியால், கூரையைத் தொடவும் கூடாது, மண்டபம் பெரிதாகவும் வேண்டும் என்ற தர்மசங்கடம் நேர்ந்தது. மேலே போகவும் பக்கத்தில் பரவவும் இயலாதவர்கள் கீழே போனார்கள்.

பழைய வீட்டில் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிரித்துக் கட்டும் கொத்தனாரின் சாமர்த்தியத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சியாட்டிலில் செய்ததும் அதுவே. முட்டுக் கொடுக்கப்பட்ட பொருளின் எடைதான் வேறு. 2018-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய வேலையில், தற்காலிக எஃகுத் தூண்களால் கூரையை அந்தரத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அதன் அடியிலிருந்த மண்ணையும் பழைய அஸ்திவாரத்தையும் அகற்றி, தெரு மட்டத்துக்குக் கீழே 53 அடி ஆழத்தில் புதிய தரையை இட்டார்கள். பூகம்பம் வரக்கூடிய ஊரில் இத்தனை பாரத்தைத் தொங்கவிட்டு அடியில் பள்ளம் தோண்டிய பொறியாளர்களுக்கு அந்நாட்களில் உறக்கம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகந்தான். 2021 அக்டோபரில் மண்டபம் மறுபடியும் திறக்கப்பட்டபோது அதன் விஸ்தீரணம் ஏறக்குறைய இரட்டித்திருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கோ அதே பழைய கூரைதான்.

இந்தப் பிரயாசையில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு கட்டடத்தின் கரியமிலக் கணக்கு அதில் விளக்கேற்றிய நாளில் தொடங்குவதில்லை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சிமெண்டு செய்கையில், எரியும் நிலக்கரியிலிருந்து மட்டுமல்லாமல், கல்லின் உள்ளிருந்தே கரியமில வாயு பிரிந்து ஆகாயத்திற் கலக்கிறது. இரும்பை உருக்குவதிலும் அவ்வாறே. ஆகையால் இருக்கிற கூரையை இடிக்காமல் விட்டது, பின்னர் அங்கே பொருத்திய எந்த நூதன யந்திரத்தையும்விடப் பெரிய சிக்கனம் என்பது என் அபிப்பிராயம். அந்த ஆழமான பள்ளத்துக்குச் சுவர் எழுப்பக் கொட்டிய புதுக் காங்கிரீட்டும் கொஞ்சமல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

பெயர் சூட்டும் உரிமையை 2020-இல் வாங்கிய அமேசான் நிறுவனம், தன் பெயரை வைக்காமல், 2040-க்குள் கரியமில வெளியீட்டை ஈடுகட்டி முடிப்பதாகத் தான் செய்துகொண்ட பிரதிக்ஞையின் பெயரால் ‘கிளைமேட் பிளெட்ஜ் அரீனா’ என்று அழைத்தது. அங்கே சமையலுக்கும் எரிவாயு இல்லை, சகலமும் மின்சாரம். பூஜ்யக் கரியமிலச் சான்றிதழும் 2023-இல் கிடைத்தது. இத்தகைய சான்றிதழ்களின் விதிப்படி, கட்டும்போது வெளியான வாயுவுக்கு வேறிடங்களில் நடக்கும் நற்காரியங்களை விலைக்கு வாங்கிப் பிராயச்சித்தம் செய்யலாம். விரதத்தைப் பிறர் இருக்கப் பலனை நாம் பெறும் இந்த ஏற்பாட்டில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

நம்பிக்கை தருவது அங்கே இப்போதுள்ள பனி ஹாக்கி ஆடுகளம். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள காங்கிரீட் தளத்தின் உள்ளே வரிசை வரிசையாகக் குழாய்கள் ஓடுகின்றன. உறைநிலைக்கும் கீழே குளிர்விக்கப்பெற்ற, தான் உறையாத திரவம் அவற்றின் வழியே சுற்றிவருகிறது. அந்தத் தளத்தின்மேல் நீரை மெல்லிய படலங்களாகத் தெளித்துத் தெளித்து, ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பனிக்கட்டியாகத் திரட்டுகிறார்கள். ஒரே வீச்சில் ஊற்றினால் காற்றும் உப்பும் சிக்கிக்கொண்டு, பனி கலங்கிப் பொரிந்துபோகும். நிலத்தடி நீரைப்போல் உப்புக்களைச் சுமந்து வராத மழைநீர் இதற்கு மிகவும் உகந்தது. கூரையிலிருந்து வடியும் நீருக்காக வைத்திருக்கும் தொட்டியின் கொள்ளளவு 15,000 காலன், அதாவது 57,000 லிட்டர். மேற்சொன்ன அளவுகளைப் பெருக்கிப் பார்த்தால் ஓர் ஆடுகளத்தைப் புதிதாய் உறையவைக்க அது போதும். பனி ஹாக்கிப் பருவம் தொடங்கும் அக்டோபரிலேதான் அவ்வூரில் மழைக்காலமும் தொடங்குகிறது என்பது இயற்கையின் சௌகரியம்.

ஆனால் நீரைக் காட்டிலும் தொல்லை தருவது மனித மூச்சு. 17,000 பேர் ஒன்றுகூடி மூச்சுவிட்டால் அந்த ஈரம் பனிமேல் மூடுபனியாய்க் கவியும். ஆகவே காற்றை இடைவிடாமல் உலர்த்த வேண்டும். எரிவாயுவைக் கொண்டு உலர்த்துவது பல அரங்குகளின் வழக்கம். இங்கே அதையும் மின்சாரமே செய்கிறது. அந்நகரத்து மின்சாரத்தின் பெரும்பகுதி மலையாறுகளின் அணைகளிலிருந்து வருவது, அதுவும் மழைதான்.

கச்சேரி நாட்களில் பனியை உருக்கிக் கொட்டுவதில்லை. உஷ்ணத்தைக் கடத்தாத பலகைகளை அதன்மேல் நெருக்கமாய்ப் பரப்பி, மேடையும் நாற்காலிகளும் போட்டுவிடுகிறார்கள். பாட்டுக் கேட்க வந்தவர்கள் காலடியில், என்றோ கூரைமீது விழுந்த மழை, அடுத்த ஆட்டத்துக்காக உறைந்து கிடக்கிறது.