ஒரே கம்பனி, ரெண்டு டொமைன்

போன எபிசோட்டில யூபிஎஸ் – கிரெடிட் சுவிஸ் இணைப்பைப் பற்றிக் கதைச்சனாங்கள். 2023 மார்ச் 19 அறிவிப்பு. சுவிஸ் வங்கிகள் ரெண்டும் சட்டப்படி ஒன்றானது 2024 ஜூலை 1. இன்ஃபோர்மாட்டிக்கர் லேரே செய்யிற தம்பி ஒராள் கேட்டார்: "கம்பனி ஒண்டாகிட்டால் மற்றப் பக்கத்து ஃபோல்டரை ஏன் அண்ணா உடனே திறக்க ஏலாது?"

நல்ல கேள்வி. விண்டோஸ் டொமைன் எண்டது ஒரு கெமைண்டே மாதிரி. வின்டர்தூரில பதிஞ்ச ஆளை ஊஸ்டர் பதிவேட்டில தேடினால் இருக்காது. ஊஸ்டர், "வின்டர்தூர் உறுதிப்படுத்தினால் நான் ஏற்பேன்" என்று சொல்லவேணும். அதுதான் ட்ரஸ்ட்.

இதில எல்லாரும் தலைகீழாக விளங்குவது திசையை. ஃபோல்டர் இருக்கிற டொமைன்தான் ஆட்கள் இருக்கிற டொமைனை நம்பவேணும். நானும் முதல்முறை மாறிப் போட்டு அரைநாள் முழிச்சிருக்கிறன்.

ட்ரஸ்ட் போட்டாலும் ஃபோல்டர் திறக்காது! ஆள் யார் எண்டதைத்தான் அது சொல்லும், அனுமதி வேற. ஃபோல்டர் பக்கத்தில ஒரு டொமைன் லோக்கல் குரூப் செய்து, அதற்குள் மற்ற டொமைனின் குளோபல் குரூப்பைச் சேர்த்து, அந்த லோக்கல் குரூப்புக்கு அனுமதி குடுங்கோ. பிறகும் வேலை செய்யேல்லையெண்டால் டிஎன்எஸ்ஸையும் மணிக்கூட்டையும் பாருங்கோ. ரெண்டு பக்க நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கேர்பரோஸ் கதவைச் சாத்திவிடும்.

அவசரத்துக்கு ஆட்கள் செய்யிற குறுக்குவழி ஒண்டிருக்கு: ட்ரஸ்ட் இல்லாமல், ரெண்டு டொமைனிலயும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். பழைய என்டிஎல்எம் புண்ணியத்தில அது வேலையும் செய்யும். (மைக்ரோசொஃப்ட் 2024இல் என்டிஎல்எம்மைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது.)

நான் கொன்ட்ராக்டில போன ஒரு இடத்தில இப்படித்தான் சம்பளக் கோப்பு ஓடிக்கொண்டிருந்தது. 24ஆம் திகதி ஒரு பக்கத்தில பாஸ்வேர்ட் மாறிச்சு. 25ஆம் திகதி சம்பளநாள்! கோப்பு போகேல்லை, பழி லேரே பிள்ளையின் தலையில. சம்பளத்தைப் பின்னேரத்துக்குள்ள அனுப்பிட்டம். ஆனால் துருவிப் பார்த்தபோதுதான் மற்றது தெரிஞ்சது: வேலையை விட்டுப்போன ரெண்டு பேரின் கணக்குகளை ஒரு டொமைனில மட்டும் மூடியிருந்தார்கள். மற்றதில அவை உயிரோட இருந்தன, சம்பளக் கோப்பைத் திறக்கிற அனுமதியோட.

அடுத்த கிழமை முறையா ட்ரஸ்ட் போட்டம். அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்க அதைவிடக் கனநாள் எடுத்தது.