பெஞ்சிலேயே உட்கார்ந்தால் ஆட்டம் மறந்துபோகுமா?

கோரிமேட்டில் ஞாயிறு மேட்ச் ஆடும் டீம்களில் இப்படி ஒருத்தர் இருப்பார்: தண்ணி பாட்டில் தூக்கியே சீசனை முடிப்பவர். கடைசி மேட்ச்சில் இறக்கிவிட்டால் இரண்டாவது பந்திலேயே அவுட். "இதுக்குத்தான் இவன எடுக்கல" என்பார்கள். எடுக்காததால்தான் அப்படி ஆச்சோ?

தினேஷ் கார்த்திக்கைப் பாருங்க. 2010-க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட 2018 வரை காத்திருந்தார். இடையில் இந்தியா ஆடிய 87 டெஸ்ட்டில் அவர் இல்லை. திரும்பி வந்து இங்கிலாந்தில் ஆடிய 4 இன்னிங்ஸில் 21 ரன். இடம் போச்சு.

2022 ஐபிஎல்லில் ஆர்சிபி அவருக்கு ஃபினிஷர் வேலையைக் கொடுத்து 16 மேட்ச்சிலும் இறக்கியது. 330 ரன், ஸ்ட்ரைக் ரேட் 183. 37 வயதில் டி20 உலகக் கோப்பை அணியிலும் இடம்பிடித்தார்.

டெஸ்ட் வேறு, டி20 வேறுதான். நல்லா ஆடுறவருக்கே அதிக வாய்ப்பு வரும் என்பதும் உண்மை. ஆனால் வலைப்பயிற்சி ஷாட்டைத்தான் பழக்கும். எந்தப் பந்தை அடிக்கணும், எதை விடணும் என்கிற முடிவு மேட்ச் பதற்றத்தில்தான் பழகும். 'இதுதான் கடைசி சான்ஸ்' என்ற பயம் இருந்தால் அதுவும் தடுமாறும்.

அடுத்த முறை உங்க டீமின் பன்னிரண்டாவது ஆளுக்கு ஒரு மேட்ச் இல்ல, தொடர்ந்து மூணு மேட்ச் கொடுத்துப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்.