தகர கொட்டகை தொழிலாளர்களுக்கு கழிப்பறை எத்தனை? கேட்க வேண்டியது யார்?

காட்டாங்குளத்தூர்,

வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடி எழும்புகிறது. அதன் ஓரத்திலேயே வரிசையாக தகர கொட்டகைகள். பீகார், ஒடிசா, மேற்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்களும், நம்ம ஊர் மேஸ்திரி, சித்தாள்களும் குடும்பத்தோடு இதில்தான் தங்குகிறார்கள்.

கட்டிடம் முடிந்ததும் கொட்டகையை பிரித்து விடுவார்கள். ஆனால் அதுவரைக்கும் அத்தனை பேரும் காலைக்கடனுக்கு எங்கே போவது? கழிப்பறை பத்தாவிட்டால் ஏரிக்கரையும் முள்ளுக்காடும்தான் கதி. பெண்கள் பாடு இன்னும் மோசம், இருட்டும் வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தங்கும் இடம், சமையல், குளியல், கழிப்பறை வசதியை வேலை கொடுப்பவரே இலவசமாக செய்து தர வேண்டும் என்று 1996-ம் ஆண்டு கட்டிடத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வேலை முடிந்ததும் கொட்டகையை அகற்றி, இடத்தை சுத்தம் செய்து கொடுப்பதும் அவர் பொறுப்பு என்றும் அது சொன்னது.

முந்தைய மத்திய விதிப்படி 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று இருந்தது. ஆண்களுக்கு முதல் 100 பேர் வரை 25 பேருக்கு ஒன்று, அதற்கு மேல் 50 பேருக்கு ஒன்று. அந்தக் கணக்குப்படி 150 ஆண்கள், 30 பெண்கள் இருந்தால் ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 2 வேண்டும்.

அந்த சட்டத்துக்கு பதிலாக வந்த தொழில் பாதுகாப்பு சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. அதுவும் ஆண், பெண், திருநங்கையருக்கு தனித்தனி கழிப்பறை வேண்டும் என்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் கேரவன் வண்டி வீடுகளை நிறுத்தும் இடத்துக்கே உள்ளாட்சி லைசென்ஸ் வேண்டும். 1960-ல் வந்த சட்டம் இது. அகதி முகாம்களுக்கான சர்வதேச அளவு, 20 பேருக்கு ஒரு கழிப்பறை.

யார் கேட்பது?

தொழிலாளர் வசதிகளை தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை பார்க்க வேண்டும். கழிவுநீர் தேங்கினால், நாற்றம் அடித்தால், செப்டிக் டேங்க் வழிந்தால் உள்ளாட்சி சும்மா இருக்க முடியாது. 1939-ம் ஆண்டு பொது சுகாதார சட்டம் நடவடிக்கை எடுக்க அதிகாரம் தருகிறது. நகராட்சி எல்லைக்குள் என்றால் நகராட்சி சுகாதாரப் பிரிவு. கிராமம் என்றால் ஊராட்சி செயலர், காட்டாங்குளத்தூர் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ., ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளர்.

செப்டிக் டேங்கை மெஷின் வைத்துதான் எடுக்க வேண்டும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

'அவங்க கொட்டகைதானே, நமக்கென்ன' என்று இருக்க முடியாது. கழிவு மண்ணுக்குள் இறங்கினால் பக்கத்து வீட்டு போர் தண்ணீரும் கெடும். வாந்தி, பேதிக்கு உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற வித்தியாசம் தெரியாது.

உங்கள் தெருவில் இப்படி இருந்தால் இடம், தேதி எழுதி, போட்டோவோடு மனு கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். அசையவில்லையா? திங்கட்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த ரசீதோடு போங்கள்.