வெள்ளியின் விலையும் காசின் மதிப்பும்

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். பத்து வெள்ளி என்று எண்ணிக் கொடுப்பது தாளாயினும், சொல்லில் பழைய உலோகம் ஒலிக்கிறது. ‘ரிங்கிட்’ என்னும் மலாய்ச் சொல், ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் பல்விளிம்பைச் சுட்டிப் பிறந்தது. ஒருவகைக் காசுக்கு ஒரு மொழி உலோகத்தாலும் மற்றொரு மொழி விளிம்பாலும் பெயரிட்டது.

புக்கிட் பெலண்டோக் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் குடியேறிய நம் முன்னோர் சேமித்த காசுகள் சில இல்லங்களில் எஞ்சியிருக்கலாம். அவற்றை எடைக்கு விற்பதா, காப்பதா என்னும் வினா எழும்போது, ஒரே தோற்றமுடைய இரு காசுகளின் விலை ஏன் பெரிதும் வேறுபடுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

முதற்காரணம் உலோகம். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் வெள்ளி நாணயம் 1903ஆம் ஆண்டு வெளிவந்தது. அது நெகிரி செம்பிலான் முதலிய கூட்டு மலாய் மாநிலங்களிலும் வழங்கியது. அதன் எடை 26.95 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தூய வெள்ளி. பின்னர் வெள்ளி விலை ஏறியபோது, காசின் முகமதிப்பைக் காட்டிலும் அதனுள்ளிருந்த உலோகம் விலைமிக்கதாகும் நிலை வந்தது. காசுகள் உருக்கப்படும் என்றஞ்சிய அரசு, 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் எடை 16.85 கிராமாகவும் வெள்ளி பாதியாகவும் குறைந்தன. மூன்றும் ‘ஒரு வெள்ளி’தான், ஆயினும் முதற்காசில் ஏறத்தாழ 24 கிராம், இரண்டாவதில் 18 கிராம், மூன்றாவதில் எட்டரைக் கிராம் அளவே தூய வெள்ளி உண்டு.

இரண்டாங்காரணம் அருமை. எத்தனை காசு அச்சிடப்பட்டது என்பதினும் எத்தனை எஞ்சியுள்ளது என்பதே முதன்மை. 1911இல் இந்தியாவில் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இதற்குத் தக்க சான்று. மன்னர் உடையில் பொறித்த யானை பன்றிபோல் தோன்றுவதாக மக்கள் குறைகூறினர். அச்சிட்டவற்றுட் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யானையின் உருவம் திருத்தப்பட்டது. 1911, 1912 ஆகிய ஆண்டுகளின் ரூபாய்களில் உள்ள வெள்ளி ஒரே அளவினது. எனினும் சேகரிப்பாளர் முன்னதையே மிகுதியாக விரும்புவர்.

மூன்றாங்காரணம் நிலை. மன்னரின் முடி, காது, எழுத்தின் கூர்மை ஆகியவை தேயாதிருப்பின் விலை உயரும். இங்கே நம் வழக்கமொன்று கேடு செய்கிறது. புளியோ திருநீறோ இட்டுத் துலக்கினால் காசு பளபளக்கும்; ஆனால் காலம் படியவைத்த இயல்பான நிறம் நீங்கி, மேற்பரப்பில் கீறல் விழும். சேகரிப்பாளர் அதனை உடனே கண்டறிவர். மாலையில் கோப்பதற்காகக் காது பற்றவைத்த காசும் சந்தையில் விலை குறையும். ஆனால் ஒரு பெண் தன் சேமிப்பை அணியாக்கிக் காத்தாள் என்பதற்கு அந்தக் காதே சான்று. குடும்பத்துக்கு அது குறையன்று.

நான்காங்காரணம் வேட்கை. ஓர் அரிய காசை நாடுவோர் இலரெனின் விலையும் இல்லை. ஒரு வரிசையை நிறைவு செய்ய ஒரே ஓர் ஆண்டின் காசு தேவைப்படுவோர் பலராயின், அதன் விலை ஏறும். தேவை மிகுந்த இடத்தில் போலியும் மிகும்.

ஆதலின் ஆசிரியர்கள் பள்ளி ஆய்வுக்கூடத் தராசிலேயே ஒரு பாடம் நடத்தலாம். காசின் எடையையும் விட்டத்தையும் அளந்து, ஆண்டையும் எழுத்தையும் குறித்து, அவ்வகைக்குரிய அளவோடு ஒப்பிடச் செய்யலாம். தேய்மானத்தால் சிறிது குறைதல் இயல்பு. பெரிதும் வேறுபட்டால் ஐயுறவேண்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஒட்டுவது போலி. ஒட்டாததாலேயே உண்மையென்று முடிவுசெய்தலும் தவறு.

எடைக்குரிய விலையை எந்நாளும் பெறலாம். உலைக்குச் சென்ற காசின் ஆண்டையும் எழுத்தையும் அதை அணிந்தவளின் நினைவையும் மீட்டெடுக்க இயலாது. ஆகவே விற்குமுன் அறிந்துகொள்வதே முறை.