பார்வையற்றோரும் புல்தரையைப் பராமரிக்கலாம்: இயந்திரக் கோளாறுகளும் வெட்டும் முறைகளும்

அமெரிக்காவில் தனி வீடு உடையோர்க்குப் புல்தரை வெறும் அலங்காரமன்று. புல் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளர்ந்தால் அங்குள்ள பல ஊர்களில் நகராட்சியிலிருந்து அறிவிப்பு வரும். அதற்கும் வெட்டாவிடில் நகராட்சியே ஆள் வைத்து வெட்டி, செலவை வீட்டுக்காரர் மீது சுமத்தும். கண் பார்வை இல்லாதவருக்கும் இவ்விதியில் விலக்கு கிடையாது. கோடை முழுதும் வாரம் ஒரு முறை கூலி கொடுத்து வெட்டுவதென்றால் செலவு கையைக் கடிக்கும். ஆகவே தாமே வெட்டிக் கொள்ளும் பார்வையற்றோர் பலர் உள்ளனர். அவர்கள் கையாளும் முறைகளையும், இயந்திரக் கோளாறுகளைத் தொட்டும் கேட்டும் முகர்ந்தும் கண்டறியும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

அந்நாட்டின் தென் மாநிலங்களில் புல்தரைக்குப் பெரிதும் பயன்படுவது நம் வரப்பில் வளரும் அதே அறுகுதான். இதனை 2.5 முதல் 5 செ.மீ. உயரத்தில் வெட்டுவர். வடக்கே குளிர்ப் பகுதிகளில் வளர்க்கும் கென்டக்கி நீலப்புல்லுக்கு 6 முதல் 9 செ.மீ. வரை வேண்டும். எப்புல்லாயினும் ஒரு தடவையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பார்வையற்றவர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி இட்டு வைத்துக் கொண்டு, புல்லில் ஊன்றித் தடவிப் பார்த்து உயரத்தை அறியலாம்.

எந்த இயந்திரம் ஏற்றது?

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இயந்திரமே இன்றைய புல்வெட்டிகளுக்கெல்லாம் மூலம். கம்பளித் துணியின் மேற்பிசிறைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு அவர் அதனை அமைத்தார். கையால் தள்ளும் அந்த உருளை வகை இன்றும் விற்பனையில் உள்ளது. ஐந்து சென்ட் வரையுள்ள தரைக்குப் பார்வையற்றவர் இதனையே வாங்கலாம் என்பது என் கருத்து. தள்ளுவது நின்றால் வெட்டுவதும் நின்றுவிடும். புல் அறுபடும் ஓசை தெளிவாகக் காதில் விழும். ஓசை நின்றால் ஏற்கெனவே வெட்டிய பாத்திக்குள் புகுந்து விட்டோம் என்று பொருள்.

பெரிய தரைக்கு பாட்டரியில் ஓடும் சுழல் பிளேடு இயந்திரம் நல்லது. மின்கம்பி இழுத்துச் செல்லும் வகை வேண்டவே வேண்டாம். கம்பியையே வெட்டிவிடும் அபாயம் பார்வையுள்ளோர்க்கே உண்டு. பெட்ரோல் எஞ்சினில் வேறொரு சங்கடம். அதன் இரைச்சல் ஏறத்தாழ 90 டெசிபல். காதடைப்பான் அணிந்தால் பார்வையற்றவருக்கு இருக்கும் ஒரே காவலும் போய்விடும். அணியாவிடில் நாளடைவில் செவிப்புலன் கெடும். கண்ணை இழந்தவர் காதையும் இழப்பது பெருங்கேடு. பாட்டரி இயந்திரத்தின் விலை சற்று அதிகமானாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே அதனைத் தேர்ந்தெடுக்கலாம். சக்கரமின்றிக் காற்றில் மிதக்கும் வகை பக்கவாட்டில் வழுக்கிச் செல்வதால் நேர்கோடு கிடைக்காது. தானே ஓடும் ரோபோ வகை இப்போது பரவி வருகிறது. அது எங்கு நிற்கிறது என்று தெரியாமல் கால் இடறி விழாதபடி, தரையில் நடக்கும் முன் அதனை நிறுத்திவிட வேண்டும்.

1982 ஜூன் 30-க்குப் பின் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கென உற்பத்தியான, பின்னால் நடந்து தள்ளும் சுழல் பிளேடு இயந்திரங்களில், கைப்பிடிக் கம்பியை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்பது சட்டம். சிலர் இக்கம்பியைக் கயிற்றால் கட்டி வைத்து ஓட்டுகின்றனர். இதை ஒருபோதும் செய்யலாகாது.

வெட்டும் முறை

முதலில் இயந்திரமின்றித் தரை முழுதும் வெள்ளைக்கோலுடன் நடந்து கல், குச்சி, ரப்பர் குழாய், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றை அகற்ற வேண்டும். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கனமான மூடிய காலணி அவசியம். வெறுங்காலால் வெட்டிய புல்லையும் வெட்டாத புல்லையும் பிரித்தறியலாம் என்று சொல்வோர் உண்டு. அந்தச் சோதனையை இயந்திரத்தை நிறுத்திய பிறகு செய்து கொள்ளட்டும்.

நேர்கோட்டுக்குக் கயிறே சிறந்த துணை. தரையின் இரு முனையிலும் முளை அடித்து இடுப்பளவில் கயிறு கட்டி, அதனை ஒரு பக்கம் கையால் உரசியபடி இயந்திரத்தைத் தள்ள வேண்டும். கோடு முடிந்ததும் இரு முளைகளையும் அளவுகோல் கொண்டு நகர்த்த வேண்டும். இயந்திரத்தின் வெட்டு அகலம் 53 செ.மீ. என்றால் 35 செ.மீ. மட்டுமே நகர்த்துவது நலம். அப்போதுதான் இடையில் குடுமி நில்லாது. சிமெண்டு நடைபாதை இருப்பின் முதல் கோட்டுக்குக் கயிறு தேவையில்லை. ஒரு பக்கச் சக்கரத்தை நடைபாதை ஓரத்தில் ஓட்டினால் போதும். ஓசை குறைந்த இயந்திரமாயின் எதிர்முனையில் ஒரு ரேடியோவைப் பாட வைத்து அதனை நோக்கி நடக்கலாம். பெட்ரோல் எஞ்சினில் இது பயன்படாது. சரிவான இடத்தில் சரிவுக்குக் குறுக்காகவே வெட்ட வேண்டும். இயந்திரத்தைத் தம்மை நோக்கிப் பின்னால் இழுப்பது கால் விரல்களுக்கு ஆபத்து.

தடையற்ற திறந்த தரைக்கு மற்றொரு முறை உண்டு. நடுவே உறுதியான கம்பம் நட்டு, இயந்திரத்தைக் கயிற்றால் கம்பத்தோடு பிணைத்து, வெளி ஓரத்திலிருந்து சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கயிறு கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொள்வதால் வட்டம் தானே குறுகும். குறுகும் அளவு கம்பத்தின் சுற்றளவுக்குச் சமம். 53 செ.மீ. இயந்திரத்துக்குச் சுமார் 13 செ.மீ. விட்டமுள்ள கம்பம் பொருத்தினால் சுற்றுக்கு ஏறத்தாழ 40 செ.மீ. குறையும். கயிறு தளராமல் பார்த்துக் கொண்டால் ஓர் இடம்கூட விடுபடாது. இயந்திரம் வலப்புறம் புல்லை உமிழும் வகையாயின் கம்பம் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வெட்டிய புல் வெளியே விழும். மூலைகளைப் பின்னர் கையியந்திரத்தால் சரி செய்யலாம்.

கோளாறுகளும் நிவர்த்தியும்

கார்களில் வேகத்தை ஒரே சீராக நிறுத்தும் கருவிக்கு 1950-இல் காப்புரிமை பெற்ற ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பார்வை இழந்தவர். 1912-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின் போது கப்பல் டர்பைன்களின் சமநிலையைக் கைவிரலாலேயே சரி செய்தார். தொடக்க கால விசைப் புல்வெட்டி ஒன்றையும் அமைத்தவர் அவரே. ஆகவே எஞ்சின் வேலை கண்ணுக்கு மட்டும் உரியதன்று.

எஞ்சின் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பார்க்க வேண்டும். நனைந்து பெட்ரோல் நாற்றம் வீசினால் எரிபொருள் மிகுந்து விட்டது; துடைத்து உலரவிட வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டாங்கியில் மாதக் கணக்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் போல் நாறும். அதனை வடித்து நீக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பழைய பெட்ரோலின் பிசினே கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கிறது.

கிளம்பிச் சில நிமிடத்தில் நின்றுவிடுகிறதா? டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டுக. நில்லாமல் ஓடினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. கல்லில் மோதிய பிறகு கிளம்ப மறுத்தால், பறக்கும் சக்கரத்தின் சிறு சாவி நறுங்கியிருக்கக் கூடும். எஞ்சினைக் காக்கவே அது மெல்லிய உலோகத்தில் செய்யப்படுகிறது, விலை சொற்பம்.

அதிர்வு மிகுந்தால் பிளேடைக் கழற்றி, நடுத்துளை வழியே சுவரிலுள்ள ஓர் ஆணியில் தொங்கவிட வேண்டும். எப்பக்கம் தாழ்கிறதோ அப்பக்கத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். மழுங்கிய பிளேடைப் புல்லே காட்டிக் கொடுக்கும். வெட்டிய நுனியை விரலிடையே உருட்டினால் நார் நாராகப் பிசிறு தட்டும்.

எண்ணெய் அளவைக் குச்சியில் கண்டு கொள்ள இயலாதவர்கள், பழையதை முழுதும் வடித்துவிட்டுக் கையேட்டில் கண்ட அளவை அளந்து ஊற்றுவதே எளிது. பெட்ரோலையும் டாங்கி கொள்ளளவுக்குச் சற்றுக் குறைவான சிறு டப்பாவில் அளந்து, எஞ்சின் ஆறிய பின்னரே ஊற்ற வேண்டும்.

ஈரப்புல்லால் அடியில் அடைப்பு ஏற்பட்டால், பிளேடு நின்றபின் ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றி, அது மீண்டும் பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டிவிட்டு, மரக்குச்சியால் கிளறி எடுக்க வேண்டும். பாட்டரி இயந்திரமானால் பாட்டரியையே எடுத்துவிட வேண்டும். சாய்க்கும்போது காற்று வடிகட்டி மேல்நோக்கி இருக்க வேண்டும்; கீழ்நோக்கிச் சாய்த்தால் எண்ணெய் அதனுள் இறங்கி, அடுத்த முறை கிளப்பும்போது வெண்புகை கக்கும்.