கருங்கல் பாசிக்கு மருந்து எவ்வளவு கலப்பது?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஓமந்தூர், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் கருங்கல் திண்ணை, வாசல்படி, மதிலின் அடிவரிசை எல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் அதைக் கழுவிவிடலாம் என்று நினைப்பீர்கள். மருந்து வாங்குவது எளிது. எவ்வளவு கலப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதாதா? மேலே தெரியும் பாசி போகும். ஆனால் கல்லின் நுண்ணிய குழிகளில் இருக்கும் பாசி தங்கிவிடும். அடுத்த மழைக்கே திரும்ப முளைக்கும். கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புப் பூச்சும் பெயர்ந்துவிடலாம். மருந்தைத் தெளித்து, பாசி சாகும்வரை விட்டு, குறைந்த அழுத்தத்தில் அலசுவதே மென்கழுவல் (சாஃப்ட் வாஷிங்). இங்கே வேலை செய்வது மருந்துதான். அதனால்தான் அதன் அளவு முக்கியம்.

என்ன மருந்து? சோடியம் ஹைப்போகுளோரைட் (தண்ணீர்த் தொட்டிக்கும் தரைக்கும் பயன்படும் குளோரின் திரவம்). வீட்டு உபயோகப் பாட்டிலில் இது பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதமும், பெரிய கேனில் 10 முதல் 12 சதவீதமும் இருக்கும். லேபிளில் உள்ள இந்த எண்ணை முதலில் பாருங்கள்.

கல்லின் மேல் எத்தனை சதவீதம் விழ வேண்டும்? மெல்லிய பச்சைப் பாசிக்கு அரை சதவீதம் போதும். தடித்த பாசிக்கு 1 சதவீதம். பல வருடக் கறுப்புப் படலமாக இருந்தாலும் 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 2020 கொரோனா காலத்தில் பல இடங்களில் தெளித்ததும் 1 சதவீதக் கரைசல்தான்.

இதை எப்படிக் கணக்கிடுவது? கேனில் உள்ள சதவீதத்தை, வேண்டிய சதவீதத்தால் வகுங்கள். வருவது மொத்தப் பங்கு. அதில் ஒரு பங்கு மருந்து, மீதி தண்ணீர். 10 சதவீத மருந்தில் 1 சதவீதம் வேண்டுமானால் மொத்தம் 10 பங்கு: 1 லிட்டர் மருந்து, 9 லிட்டர் தண்ணீர். அரை சதவீதம் போதுமானால் 10 லிட்டர் கரைசலில் அரை லிட்டர்தான் மருந்து. 5 சதவீதப் பாட்டிலாக இருந்தால் 1 சதவீதத்துக்கு 2 லிட்டர் மருந்து, 8 லிட்டர் தண்ணீர்.

திரவம் கிடைக்காமல் பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறதா? புதிய பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செயல்படும் குளோரின் (பாசியைக் கொல்லும் பகுதி) இருக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் போட்டால் சுமார் 1 சதவீதம். ஆனால் கலக்கியதை அப்படியே ஊற்றாதீர்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். அது கருங்கல்லில் வெள்ளை வெள்ளையாகப் படியும். தெளியவைத்து மேல் நீரை மட்டும் எடுங்கள்.

லேபிளில் 10 என்று இருந்தால் உள்ளேயும் 10தானா? இல்லாமல் போகலாம். வெயிலும் சூடும் இந்த மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். கோடையில் தகரக் கொட்டகையில் கிடந்த கேன் பாதி வீரியத்தில்கூட இருக்கலாம். எனவே தயாரிப்புத் தேதி பார்த்து, வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். கலந்ததை அன்றே பயன்படுத்திவிடுங்கள். பழைய கேன்தானே என்று கண்ணளவில் கூட்டி ஊற்ற வேண்டாம். வீரியம் குறைந்திருந்தால் இன்னொரு முறை தெளித்துக்கொள்ளலாம். அதிகமாகிவிட்டால் கெட்டதைச் சரிசெய்வது கடினம்.

அதிகமானால் என்ன கெடும்? இந்த மருந்து காய்ந்தால் உப்பாக மிஞ்சும். அது கல்லுக்குள் இறங்கி, பிறகு வெள்ளையாகப் பூத்து, மேற்பரப்பை உதிர்க்கும். உறிஞ்சும் தன்மையுள்ள செம்புரைக்கல்லில் இது சீக்கிரம் நடக்கும். பக்கத்துச் சுவரின் வண்ணம் வெளுக்கும். இரும்புக் கிராதி துருப்பிடிக்கும். துளசியும் செம்பருத்தியும் கருகும்.

அப்படியானால் எப்படித் தெளிப்பது? ஓரமாக ஒரு சாண் இடத்தில் அரை சதவீதத்தைத் தெளித்து, அலசி, மறுநாள் காய்ந்தபின் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் தொடருங்கள். பாசி போகாவிட்டால் மட்டும் 1 சதவீதத்துக்குப் போங்கள். காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். உச்சி வெயிலில் மருந்து வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும். முதலில் செடிகளையும் சுற்றியுள்ள மண்ணையும் நல்ல தண்ணீரால் நனையுங்கள். தெளித்தபின் 10 முதல் 15 நிமிடம் கல் ஈரமாகவே இருக்கட்டும். பிறகு தாராளமாக அலசுங்கள். செடிகளையும் மறுபடி அலசுங்கள். கழுவிய தண்ணீர் கிணற்றுக்கோ மாட்டுத் தொட்டிக்கோ மீன் உள்ள குட்டைக்கோ போகக் கூடாது.

வயலுக்கு மருந்து அடிக்கும் டேங்கை எடுக்கலாமா? வேண்டாம். மிச்சமிருக்கும் பூச்சிமருந்தோடு இது சேரக் கூடாது. உலோகப் பாகங்களும் அரித்துப்போகும். தனியாக ஒரு பிளாஸ்டிக் கைத்தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். கலக்கும்போது பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு மருந்து. கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு வேண்டும்.

போர் தண்ணீரில் கலக்கலாமா? ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் கலந்து பாருங்கள். பழுப்பாக மாறினால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கல்லிலும் கறை விழும். வேறு தண்ணீர் எடுங்கள்.

கூடவே கொஞ்சம் ஆசிட் விட்டால் பளிச்சென்று ஆகுமே? இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இந்த மருந்தோடு ஆசிட்டோ கழிவறை கழுவும் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. அமோனியா உள்ள திரவமும் கூடாது. தனியாக ஊற்றினாலும் ஆசிட் கல்லுக்கு ஆகாது. கடப்பாக் கல்லும் பளிங்கும் சுண்ணாம்பு வகை, அரித்துவிடும். கருங்கல்லில் உள்ள இரும்பு வெளிப்பட்டுத் துருநிறக் கறையாகும்.

எல்லாம் செய்தும் கறுப்புப் புள்ளிகள் நிற்கின்றனவா? அவை பெரும்பாலும் கற்பாசி (பூஞ்சையும் பாசியும் ஒட்டி வாழும் படை). செத்தபிறகும் சில வாரங்கள் ஒட்டிக்கொண்டிருந்து மெல்ல உதிரும். பொறுத்திருங்கள், அளவைக் கூட்டாதீர்கள்.

ஊர்க் கோயில் கல்லையும் இப்படிக் கழுவலாமா? கூடாது. கல்வெட்டும் சிற்பமும் உள்ள கல்லில் சிறு அரிப்பும் மீளாத இழப்பு. மண்டகப்பட்டு, தளவானூர் பல்லவர் குடைவரைகள் போன்றவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. இந்திய தொல்லியல் துறையில் 1917 முதல் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கவென்றே வேதியியல் பிரிவு உண்டு. கோயில் கல்லில் பாசி கண்டால் வாளியைத் தூக்காமல் நிர்வாகத்துக்கும் அறநிலையத் துறைக்கும் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுக் கல்லுக்கோ அரை சதவீதத்தில் தொடங்குங்கள். மிஞ்சிய மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வந்த கேனிலேயே, லேபிளோடு, குழந்தைகள் கைக்கு எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள்.