கரண்ட் போனால் கம்ப்யூட்டர் என்ன ஆகும்?

மாலை 6 மணி. கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை.

கல்லூரியில் சேர மனு போட அன்றுதான் கடைசி நாள். ஒரு மாணவி தன் தகப்பனாருடன் வந்திருக்கிறாள். பெயர், விலாசம், மார்க்கு எல்லாம் அடித்தாகிவிட்டது. கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"டப்!"

திரை இருண்டது!

"அப்பா! எல்லாம் போச்சு!" என்று பதறினாள் மாணவி.

"யு.பி.எஸ். இருக்குதே தம்பி?" என்று கேட்டார் தகப்பனார்.

"இருக்குது அண்ணே. பாட்டரிதான் செத்துப் போச்சு" என்றார் கடைக்காரர்.

இப்படி ஒரு காட்சி நடக்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. 2012-ம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அந்தக் கஷ்டம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் காற்று அடித்தால் கரண்ட் போகிறது. பராமரிப்பு வேலை என்றால் பகல் முழுவதும் போகிறது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மாற்று ஏற்பாடு செய்துதான் ஆகவேண்டும்.

சிலேட்டும் நோட்டும்

கரண்ட் போனால் மின்விசிறி நிற்கிறது. வந்தால் மறுபடியும் சுற்றுகிறது. நஷ்டம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அப்படி அல்ல.

கம்ப்யூட்டருக்குள் ஒரு சிலேட்டும் ஒரு நோட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிப்பது முதலில் சிலேட்டில்தான் ஏறுகிறது. "சேமி" என்று உத்தரவு கொடுத்த பிறகே நோட்டுக்குப் போகிறது. மின்சாரம் நின்ற மறுகணம் சிலேட்டு சுத்தமாக அழிந்துவிடும். நோட்டில் எழுதிக்கொண்டு இருக்கும்போதே கரண்ட் போனால் இன்னும் ஆபத்து. அந்தப் பக்கமே கெட்டுப் போகலாம். சில சமயம் கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பாது.

யு.பி.எஸ். எதற்கு?

யு.பி.எஸ். என்பது ஒரு சிறிய பெட்டி. உள்ளே ஒரு பாட்டரி இருக்கிறது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டருக்கு பாட்டரியில் இருந்து மின்சாரம் போகும்.

எவ்வளவு நேரத்தில் மாறுகிறது தெரியுமா? ஒரு விநாடியை 1,000 பங்கு போடுங்கள். அதில் சுமார் 10 பங்கு நேரத்துக்குள் மாறிவிடுகிறது! மின்சாரம் வராமல் கம்ப்யூட்டர் தாக்குப்பிடிப்பது சுமார் 16 பங்கு நேரம்தான். ஆகையால் யு.பி.எஸ். முந்திக்கொள்கிறது.

ஆனால் இந்தப் பெட்டியிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. வீடுகளில் சாதாரணமாக வைப்பது 600 வி.ஏ. யு.பி.எஸ். அதில் இருப்பது 12 வோல்ட், 7 ஏ.எச். பாட்டரி. ஒரு கம்ப்யூட்டரை 10 முதல் 20 நிமிடம் வரை தாங்கும். வேலையைச் சேமித்து, முறைப்படி நிறுத்துவதற்குத்தான் அந்த நேரம். சினிமா பார்ப்பதற்கு அல்ல!

லேசர் பிரிண்டரை இதில் மாட்டாதீர்கள். அதன் உள்ளே உருளை சூடாகும்போது திடீரென்று ஏராளமான மின்சாரத்தை இழுக்கும். யு.பி.எஸ். "கீ... கீ..." என்று கத்திவிட்டு நின்றுவிடும். கூடவே கம்ப்யூட்டரும் நிற்கும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே?

"எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் லைட் எரிகிறது. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து, மறுபடி கிளம்புகிறது. ஏன்?" என்று பலர் கேட்கிறார்கள்.

காரணம் மிகவும் எளிது. சாதாரண முறையில் இயங்கும் இன்வெர்ட்டர் மெதுவாக மாறுகிறது. லைட் ஒரு முறை கண் சிமிட்டும். அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அந்தத் தாமதமே போதும், அணைந்துவிடும்.

பல இன்வெர்ட்டர்களில் "யு.பி.எஸ்." என்று எழுதிய சிறிய சுவிட்ச் உண்டு. பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் வேகமாக மாறும். இது தெரியாமல் புது இன்வெர்ட்டர் வாங்கியவர்களும் உண்டு!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முறையில் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் பாட்டரிக்கு மாறிவிடும். வோல்டேஜ் குறைவாக வரும் கிராமங்களில், கரண்ட் இருக்கும்போதே பாட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சுவிட்சைத் தொடாமல் விட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் சின்ன யு.பி.எஸ். வைப்பது நல்லது. இன்வெர்ட்டர் புதிதாக வாங்குவதானால் "சைன் வேவ்" என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் கம்ப்யூட்டருக்கு ஏற்றது.

எத்தனை மணி நேரம் ஓடும்? கணக்குப் போடலாம். 12 வோல்ட், 150 ஏ.எச். பாட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800. ஆனால் முழுவதும் கைக்கு வராது. 1,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு 120 வாட், மின்விசிறிக்கு 70, ஒரு லைட்டுக்கு 10. ஆக மொத்தம் 200. ஆயிரத்தை இருநூறால் வகுத்தால், 5 மணி நேரம்!

மடியில் வைக்கும் கம்ப்யூட்டர்

என்னைக் கேட்டால், வீட்டுக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு மடிக்கணினிதான் லாபம் என்பேன். பாட்டரி அதன் வயிற்றிலேயே இருக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் சில மணி நேரம் ஓடும். தமிழக அரசு 2011-ம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. மேஜைக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தால் பாதி நாள் மூலையில்தான் கிடந்திருக்கும்.

ஆனால் இணையப் பெட்டி கரண்ட் போனதும் அணைந்துவிடும். அதற்கென்று உள்ளங்கை அளவில் தனி யு.பி.எஸ். விற்கிறார்கள். இல்லாவிட்டால் கைப்பேசி இணைப்பு இருக்கவே இருக்கிறது.

பெட்ரோல், டீசல் ஜெனரேட்டர் கடைக்காரர்களுக்கு உதவும். அதை ஒருபோதும் வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துவிடுவார்கள்.

பாட்டரியைக் கவனியுங்கள்

கடைக்காரரின் யு.பி.எஸ். ஏன் கைவிட்டது? சிறிய பாட்டரிக்கு ஆயுள் 2 அல்லது 3 ஆண்டு. பிறகு மாற்ற வேண்டும். வெளியே பெட்டி பளபளப்பாக இருக்கும். பச்சை விளக்கும் எரியும். உள்ளே சத்து இருக்காது. மாதம் ஒரு முறை, முக்கிய வேலை எதுவும் இல்லாத நேரத்தில், சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் விடவேண்டும். டிஸ்டில்டு வாட்டர்தான் விடவேண்டும். குழாய்த் தண்ணீர் விட்டால் பாட்டரி கெடும். குறியீட்டுக்கு மேலும் ஊற்றக் கூடாது. பாட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். அதனால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது அமிலம். குழந்தைகளை நெருங்க விடாதீர்கள்.

பழைய பாட்டரியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள ஈயம் விஷம். தெருவில் உடைத்து உருக்கினால், அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். புது பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.